முதல் ஐம்பது அடி

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, வந்தவாசி சாலையில் இருக்கிறது செவிலிமேட்டுப் பாலம். கோடையில் அங்கே நின்று பார்த்தால் கரைக்குக் கரை மணல்தான். இடையிடையே சீமைக்கருவேலம் புதர்கள். பாலாறு எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்டால் உள்ளூர்க்காரர் கிழக்கையோ மேற்கையோ காட்டுவதில்லை, கீழே காட்டுவார். ஆறு மணலுக்கு அடியில் இருக்கிறது. படுகையைக் கீறி அந்த நீரை வயலுக்கு இழுத்துக்கொண்டு போன ஊற்றுக்கால்கள், பழைய செங்கல்பட்டு மாவட்டப் பாசனத்தில் ஏரிகளுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்பட்டவை.

மேலே உலர்ந்த மணல், அதற்குக் கீழே நீர் ஊறிய மணல். அள்ளிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தரைக்குள் ஓடும் அதிர்வலைக்கு அப்படியில்லை. உலர்ந்த மணலில் அது நொடிக்கு 300 முதல் 500 மீட்டர் வேகத்தில் ஊர்கிறது. மணலின் இண்டு இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால் 1,500 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் பல்லாவரத்துக் கருங்கல். அதில் வேகம் 6,000 மீட்டரை நெருங்கும். ஒரு மாவட்டத்துத் தூரத்துக்குள் இத்தனை ஏற்ற இறக்கம். பூமிக்குள் எண்ணெயையும் எரிவாயுவையும் தேடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

அவர்கள் செய்யும் வேலையின் அடிப்படை எளிமையானது. தரையில் பத்து இருபது மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, சில கிலோ வெடிமருந்தை இறக்கி வெடிக்கிறார்கள். வெடி வைக்க முடியாத இடங்களில் கனமான லாரியின் அடியில் இருக்கும் தகட்டைத் தரையில் அழுத்தி அதிர வைக்கிறார்கள். கிளம்பிய அலை கீழே போய், பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புகிறது. வரிசையாகக் குத்தி வைத்த ஜியோபோன்கள் அதைப் பிடிக்கின்றன. ஜியோபோன் என்பது கைக்கு அடக்கமான ஒரு டப்பா. உள்ளே ஒரு காந்தம், சுருள்வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள், அடியில் மண்ணில் செருக ஓர் இரும்பு முள். பக்கத்தில் ஒருவர் நடந்துபோனாலும் பதிவு செய்துவிடும். இப்படிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு எடுத்த பதிவுகளை ஒன்றுசேர்த்தால் பூமியின் குறுக்குவெட்டு போன்ற ஒரு படம் கிடைக்கிறது. இதற்கு நில அதிர்வு ஆய்வு என்று பெயர்.

படம் என்று சொன்னாலும், கருவியின் கையில் இருப்பது நேரம் மட்டுமே. அலை போய்வர இத்தனை நொடி ஆயிற்று என்று அது சொல்லும். அந்த நேரத்தை ஆழமாக மாற்றுவது மனிதரின் கணக்கு. கோளாறு அங்கேதான் நுழைகிறது.

இரண்டு ஜியோபோன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 அடி, உலர்ந்த மணலின் மேல் நிற்கிறது. மற்றொன்று அதே தடிமன் உள்ள இறுகிய சரளையின் மேல். கீழிருந்து திரும்பிவரும் அலை மணலைக் கடக்க, நொடிக்கு 500 மீட்டர் வீதம், 30 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 2,000 மீட்டர் வேகம் தரும் சரளையைக் கடக்க ஏழரை மில்லிநொடி போதும். வித்தியாசம் இருபத்திரண்டரை மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துணுக்கு. ஆழத்தில் உள்ள பாறையில் அலை நொடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் போய்வருகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், அந்தத் துணுக்கு நேரம் படத்தில் 34 மீட்டர் பள்ளமாகத் தெரியும். உண்மையில் கீழே பாறை மேசைபோல் சமதளமாகக் கிடக்கும். பள்ளமும் இல்லை, அதன் பக்கத்தில் நிற்பதாகத் தெரியும் மேடும் இல்லை.

எண்ணெயும் வாயுவும் பெரும்பாலும் பாறை வில்லாக வளைந்த மேடுகளில் வந்து தங்கும். சில பத்து மீட்டர் உயரமுள்ள மேட்டை நம்பியே கோடிக்கணக்கில் செலவு செய்து கிணறு தோண்டுகிறார்கள். மேலே இருக்கும் ஐம்பதடி மணல் செய்த கண்கட்டு வித்தைக்கு, இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் விலை கொடுக்க வேண்டிவரும்.

மணல் அலையை மந்தமாக்கும் என்பது புதிய செய்தியும் அல்ல. அயர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் மேலட் 1849-லேயே டப்ளின் அருகே கில்லைனி கடற்கரையில் துப்பாக்கி மருந்தைப் புதைத்து வெடித்து, தொலைவில் பாதரசக் கிண்ணத்தின் பரப்பு எப்போது நடுங்குகிறது என்று உற்றுப் பார்த்தார். பிறகு கருங்கல்லிலும் அதையே செய்தார். அவருடைய கருவி மொண்ணை. கிடைத்த வேகங்கள் இன்று நாம் அறிந்தவற்றைவிட மிகக் குறைவு. ஆனாலும் மணலில் அலை மெதுவாகவும் கல்லில் விரைவாகவும் போகிறது என்ற முடிவு தப்பவில்லை. பூமிக்குள் செயற்கை அதிர்வை அனுப்பி அளந்த முதல் சோதனைகளுள் ஒன்றே, மேல்மண்ணைப் பற்றிய எச்சரிக்கையாக அமைந்துவிட்டது.

இந்தத் தொல்லைக்குத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் மருந்து ஸ்டாட்டிக் திருத்தம். ஒவ்வொரு ஜியோபோனுக்கும் அடியில் இருக்கும் தளர்ந்த மண்ணின் தடிமனையும் வேகத்தையும் கண்டுபிடித்து, அது தின்ற நேரத்தைக் கழித்துவிடுவது. தடிமனை அறிய ஆங்காங்கே ஒரு துளை போட்டு, அதன் பல ஆழங்களில் சின்னச் சின்ன வெடிகளை வெடித்து, மேலே வந்துசேரும் நேரத்தை அளக்கிறார்கள். வேலைக்காரர்கள் பேச்சில் இது அப்ஹோல். செலவு பிடிக்கும் வேலை என்பதால் இரண்டு அப்ஹோல்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி விட்டுவிடுவார்கள். நடுவில் மண் எப்படி இருக்கிறது? இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு நேர்கோடு இழுத்துச் சமாளிப்பதே வழக்கம். பழைய ஆற்றுத்தடம் ஒன்று சரியாக அந்த நடுவில் கிடந்தால் நேர்கோடு அதைத் தாண்டிக் குதித்துவிடும்.

செயற்கைக்கோள் உள்ளே வருவது இந்த இடைவெளியை நிரப்பத்தான். வானத்திலிருந்து எடுக்கும் படம் மூவாயிரம் மீட்டர் ஆழத்தைக் காட்டுவதில்லை. காட்டும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பெரும்பாலான படங்களில் தெரிவது மண்ணின் மேல் தோல் மட்டும். ஆனால் நில அதிர்வு ஆய்வு தடுமாறுவதும் அந்தத் தோலுக்குச் சற்றுக் கீழேதான்.

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பல்லாவரம் வரைக்கும் ஓர் ஆய்வுக்கோடு போடுவதாகக் கற்பனை செய்வோம். கற்பனைதான், ஆனால் வழியில் வரும் மண்ணும் கல்லும் நிஜம்.

கோட்டின் மேற்கு முனையில் வேகவதியும் பாலாறும் கொட்டிய வண்டல். நடுவில் ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலுக்குக் கீழே இன்னொரு ஏரி. ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் மண்ணுக்கடியில் களிப்பாறையும் மணற்பாறையும். டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தில் படிந்தவை இவை. இலைகளின் அச்சும் கடல்வாழ் அம்மோனைட்டுகளின் அச்சும் இரண்டுமே இவற்றில் கிடைத்திருக்கின்றன. கடல் அன்று இங்குவரை எட்டிப் பார்த்துப் போயிருக்கிறது. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் நெடுகிலும் தரை பிளந்து இறங்கி உண்டான பள்ளங்களுள் இந்தப் பாலாற்றுப் படிவுப் பள்ளமும் ஒன்று. தெற்கே காவிரிப் படுகை இதன் பெரிய அண்ணன். கோட்டின் கிழக்கு முனையில் மறுபடியும் பழம்பாறை தலைநீட்டுகிறது. பரங்கிமலை, பல்லாவரம், வண்டலூர்க் குன்றுகள் எல்லாம் சார்னோகைட் என்ற கருங்கல். ஜல்லிக்காக இன்றும் இந்த மாவட்டங்களில் உடைக்கப்படுவது பெரும்பாலும் இதுவே.

வண்டல், களி, செம்புரைச் சரளை, கருங்கல் என்று நான்கு வகைத் தரையை ஐம்பது கிலோமீட்டருக்குள் கடக்கும் இந்தக் கோட்டுக்கு, எங்கே எது முடிந்து எது தொடங்குகிறது என்று யார் சொல்வது?

பாதியை ஒளி சொல்லும். ஒவ்வொரு மண்ணும் கல்லும் சூரிய ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் திருப்பி அனுப்புகிறது. களிமண் கனிமங்கள் 2.2 மைக்ரான் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒளியை விழுங்குகின்றன. அது நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு. இரும்பு ஏறிய செம்மண் நீல ஒளியை உண்டுவிட்டுச் சிவப்பைத் திருப்புகிறது. பயிர்ப்பச்சை அருகலை அகச்சிவப்பில் பளிச்சென்று ஒளிரும். ஏரித் தண்ணீர் அதே அலைநீளத்தில் கரிபோல் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் கடந்து இந்த அலைநீளங்களில் படம் எடுக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு இந்த வேலையில் சொந்த வரலாறும் உண்டு. நடைமுறைப் பயன்பாட்டுக்கான முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச் 17 அன்று சோவியத் ஏவுதளமான பைக்கானூரிலிருந்து ஏவப்பட்டது. அதன் ஒரு கேமராவில் ஒரு புள்ளி 72.5 மீட்டர்; ஒரு சின்ன ஏரியே சில புள்ளிகளில் அடங்கிவிடும். 2005 மே 5 அன்று காஞ்சிபுரத்துக்கு வடக்கே அதிகத் தொலைவில் இல்லாத ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1, இரண்டரை மீட்டர் நுணுக்கத்தில் முன்னும் பின்னும் சாய்ந்த இரண்டு கேமராக்களால் படமெடுத்தது. இரண்டு கண்களால் பார்ப்பதுபோல் அதிலிருந்து மேடு பள்ளத்தின் உயர வரைபடம் கிடைக்கிறது. ஜியோபோன் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்பதும் நேரக் கணக்கில் சேரும் ஆகையால் இது வெறும் அலங்காரம் அல்ல.

ரேடாரின் கதை இன்னும் சுவையானது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடம் சுமந்துபோன ரேடார், எகிப்து - சூடான் எல்லையில் உள்ள சகாரா மணல்வெளியைப் படமெடுத்தது. தரையில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான மணல். ரேடார் படத்திலோ பெரிய பெரிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள். 23 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடார் அலை எலும்புபோல் உலர்ந்த மணலை மீட்டர் கணக்கில் ஊடுருவி, அடியில் இருந்த பழைய படுகையில் பட்டுத் திரும்பியிருந்தது. பிறகு அங்கே போய்த் தோண்டிப் பார்த்து உறுதி செய்தார்கள்.

அதே வித்தை பாலாற்றங்கரையில் பலிக்காது. நம் மண்ணில் ஈரம் இருக்கிறது. ஈரம் ரேடாரை மேலேயே நிறுத்திவிடும். ஆனால் சகாராவில் இல்லாத வசதி ஒன்று இங்கே உண்டு. ஈரமே இங்கே அடையாளம். மண்ணுக்கடியில் பழைய ஆற்றுமணல் ஓடும் இடத்தில் நீர் வேறுவிதமாக நிற்கிறது, பயிர் வேறுவிதமாக வளர்கிறது, கோடையில் புல் வேறு நாளில் காய்கிறது. தை மாதப் படத்தையும் வைகாசிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வயல் வரப்புகளை மதிக்காமல் வளைந்து வளைந்து போகும் ஒரு நிறப்பட்டை கண்ணில் படும். வரப்பு மனிதன் போட்டது. அந்தப் பட்டை ஆறு போட்டது.

பாலாறு வீடு மாறிய ஆறு. இன்று அது காஞ்சிபுரத்தைத் தாண்டித் திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு, கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் அது வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலையாற்றுப் பக்கம் ஓடியதற்கான தடயங்களை நிலவியலாளர்கள் நெடுங்காலமாகப் பேசிவருகிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு மையத்தில் பணியாற்றிய எஸ். எம். இராமசாமி தம் குழுவினருடன் செயற்கைக்கோள் படங்கள், தொல்லியல், நிலவியல் மூன்றையும் சேர்த்து வைத்து, வட தமிழ்நாட்டு ஆறுகளின் இந்த இடப்பெயர்ச்சியை விரிவாக ஆராய்ந்தார். நாம் கற்பனையில் இழுத்த கோடு, அப்படிக் கைவிடப்பட்ட தடங்களைக் குறுக்கே வெட்டாமல் போக வழியில்லை. எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடத்தில் ஓர் அப்ஹோல் கூடுதலாகப் போட வேண்டும். சமமான கருங்கல் வெளியில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். செலவு கூடாது, இடம் மட்டும் மாறும். செயற்கைக்கோள் படத்தின் முதல் பயன் இதுவே. பாலைவன நாடுகளில் வேலை செய்யும் நிறுவனங்கள் மணல்மேடு எது, உப்புச் சேறு எது, அதிர்வு லாரி எங்கே புதையும், எங்கே ஏறும் என்பதையும் இதே முறையில் முன்கூட்டியே குறித்துக்கொள்கின்றன.

ஏரிகளும் இதில் துப்புச் சொல்கின்றன. தொண்டை நாட்டு ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். வெட்டியவர்கள் தாழ்வான ஓடையும் பழைய வடிகாலும் பார்த்துத்தான் கரை கட்டினார்கள். ஆகவே வரைபடத்தில் ஏரிகளை மட்டும் வரிசையாகக் குறித்தாலே பழைய நீரோட்டத்தின் போக்கு பாதி தெரிந்துவிடும்.

அதே ஏரிகள் ஏமாற்றவும் செய்யும். படத்தில் நீளமாக, நேராகத் தெரியும் எதையும் பூமிப் பிளவு என்று சிவப்பு மையால் கோடு போடும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. கோடு போடுவது சுலபம். ஒரு மதியத்தில் மாவட்டம் முழுவதும் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கோடு ஏரிக்கரையாக இருக்கலாம், மூடிப்போன கால்வாயாக இருக்கலாம், பிரிட்டிஷ் காலத்து வண்டிப்பாதையாக இருக்கலாம். பாலாறு அணைக்கட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை நீளும் கம்பன் கால்வாயைத் தெரியாதவர் அதை ஏதோ நிலவியல் அதிசயம் என்று நினைத்தால் வியப்பில்லை. சுத்தியலோடு வெயிலில் நடந்துபோய்ப் பார்க்காத கோட்டுக்கு மதிப்புக் கிடையாது.

நடந்து பார்த்தவர்களில் முதல் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இளம் அதிகாரியாக இருந்த அவர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழியிலிருந்து ஒரு பழங்கற்காலக் கல்லாயுதத்தை எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. அவர் சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களில் பாலாற்றுக்கு வடக்கே உள்ள பகுதிகளின் நிலவியலை ஊர் ஊராகப் போய்ப் பதிந்து 1873-இல் வெளியிட்டார் என்பது பாடநூலுக்கு வராத செய்தி. எந்த ஊரில் செம்புரைச் சரளை, எங்கே களிப்பாறை வெளியே தெரிகிறது, எங்கே கருங்கல் என்ற அந்த விவரம், நில அதிர்வு ஆய்வாளருக்கு இன்றும் உதவக்கூடியது.

ஏனென்றால் செம்புரை ஒரு தனி வில்லங்கம். இரும்பு ஏறிக் கெட்டிப்பட்ட அந்த ஓடு மேலே. அதற்குக் கீழே பல இடங்களில் மிருதுவான களி. மேலே வேகம், கீழே மந்தம். மேல்மண்ணின் தடிமனை அளக்கப் பயன்படும் ஒளிவிலகல் போன்ற அலைவிலகல் முறை, கீழே போகப் போக வேகம் கூடும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. கெட்டி ஓட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மந்த அடுக்கை அதனால் காணவே முடியாது. கருவி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இங்கே பொருட்டல்ல. இன்ன இடத்தில் செம்புரை இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர் அந்த முறையை நம்பாமல் துளை போட்டுப் பார்ப்பார். தெரியாதவர் தவறான எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

மேற்பரப்பு நிலவியல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் காவிரிப் படுகையை மிஞ்சிய சான்று இல்லை. நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு அரியலூர், உத்தத்தூர்ப் பகுதிகளை அளந்து, 1860-களின் தொடக்கத்தில் கிரெட்டேசியஸ் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புச் சுரங்கங்களில் இன்று அந்த அடுக்குகளைக் கையால் தொடலாம். அவை கிழக்கு நோக்கிச் சாய்ந்து, வண்டலுக்கு அடியில் மறைந்து, கும்பகோணம், தஞ்சாவூர், நாகப்பட்டினம் நிலங்களின் கீழே கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகின்றன. அந்த வயல்வெளி தட்டையானது. மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. கீழேயோ அரியலூர் - புதுச்சேரிப் பள்ளம், கும்பகோணம் - மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம் என்று ஒரு மலைநாடே புதைந்து கிடக்கிறது. முதலில் ஈர்ப்புவிசை அளவைகளும் பிறகு நில அதிர்வு ஆய்வும் அதை வெளிக்கொண்டு வந்தன. 1964-இல் காரைக்காலில் ஆழ்கிணறு போடப்பட்டது. 1980-களின் நடுவில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அந்தப் படங்களில் தெரிந்த ஒவ்வோர் அடுக்குக்கும் இது இன்ன பாறை என்று பெயர் சூட்ட, மேற்கே வெயிலில் கிடந்த அரியலூர்ப் பாறைகளே அகராதி.

மறுபடி காஞ்சிக்கு வருவோம். இங்கே கோடு போடுகிறவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் மூலவர் மண்ணால் ஆன லிங்கம். நீர் பட்டால் கரையும் என்று அபிஷேகத்தை ஆவுடையாருக்கு மட்டுமே செய்கிறார்கள். மண்ணையே மூலவராக வைத்துக் கும்பிடும் ஊரில் வெடி வைக்கிறவர் கொஞ்சம் யோசித்துத்தான் வைக்க வேண்டும். கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்கல். பல இடங்களில் பொரிந்து, சுதை பூசிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதுவும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. செயற்கைக்கோள் படத்தின்மேல் இந்த வட்டங்களைப் போட்டுக்கொண்டுதான் கோட்டை வளைக்க வேண்டும்.

வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. சுரங்க வெடிகளுக்காகச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் 1997-இல் விதித்த வரம்பு, வரலாற்றுக் கட்டடங்களுக்கு அருகே தரை அதிரும் வேகத்தை அலைவெண்ணைப் பொறுத்து நிர்ணயிக்கிறது. 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நொடிக்கு 2 மில்லிமீட்டர், 25 ஹெர்ட்ஸ் வரை 5 மில்லிமீட்டர், அதற்கு மேல் 10 மில்லிமீட்டர். பாறைத் தரையில் அதிர்வு வெடுக்கென்று, உயர்ந்த அலைவெண்ணில் வந்துபோகும். தடித்த வண்டலில் அது தணிந்த அலைவெண்ணுக்கு இறங்கி நெடுநேரம் ஆடும். அதாவது அதே அளவு வெடிமருந்து பல்லாவரத்தில் வரம்புக்குள் அடங்கி, வேகவதிக் கரையில் வரம்பை மீறலாம். எந்தக் கோயில் எந்த மண்ணின் மேல் நிற்கிறது என்று தெரியாமல் எத்தனை கிலோ வெடி என்று முடிவு செய்யவே கூடாது.

மண்ணின் ஈரத்தைக் காட்டும் கருவி ஒன்று காஞ்சியில் வீட்டுக்கு வீடு இருந்தது. யாரும் அதைக் கருவி என்று நினைத்ததில்லை. பிள்ளையார்பாளையத்துக் குழித்தறிகளைத்தான் சொல்கிறேன். நெசவாளர் கால் தொங்கவிட்டு மிதிபலகையை இயக்க, தரையில் இடுப்பளவு குழி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழிக்குள் நீர் சுரந்துவிடும். தறி நிற்கும், கூலியும் நிற்கும். நெசவாளருக்கு அது வயிற்றுப்பாடு. நில அதிர்வு ஆய்வாளருக்கோ நிலத்தடி நீர்மட்டம் தரைக்குச் சில அடி கீழே வந்துவிட்டது என்ற அளவீடு. கோடையில் பல மீட்டர் உலர்ந்திருந்த மண், மழைக்குப் பின் நீர் நிறைந்து மூன்று மடங்கு வேகம் காட்டும். மே மாதத்தில் எடுத்த கோட்டையும் டிசம்பரில் எடுத்த கோட்டையும் திருத்தம் இல்லாமல் ஒட்டவைத்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் இல்லாத ஒரு பிளவு தெரியும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மழைக்காலத்திலும் மண்ணின் ஈரத்தைப் பின்தொடர உதவுகின்றன. குழித்தறிக்குப் போட்டியாக அல்ல, துணையாக.

மத்திய அரசு 2016 அக்டோபரில் தேசிய நில அதிர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை சரியாக ஆராயப்படாத படிவுப் பள்ளங்களில் 48,243 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு போடுவது இலக்கு. அதில் 40,835 கிலோமீட்டர் ஓ.என்.ஜி.சி.க்கும் 7,408 கிலோமீட்டர் ஆயில் இந்தியாவுக்கும் பிரித்துத் தரப்பட்டது. பூமியின் சுற்றளவைவிட அதிகமான நீளம். இவ்வளவு நீளத்துக்கும் மேல்மண்ணைத் துளை போட்டே அறிவது நடக்கிற காரியமில்லை. வானத்துப் படமும் ஃபூட் காலத்திலிருந்து சேர்ந்த நிலவியல் வரைபடங்களும் இல்லாமல் இந்த அளவில் வேலை செய்தால், ஆழத்துப் பாறையைவிட மேல்மண்ணின் படத்தையே அதிகம் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்த பிறகு, ஆய்வு வண்டியைப் பார்த்தாலே ஊர் கூடிவிடுகிறது. 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரி டெல்டாவில் எண்ணெய், எரிவாயுவுக்கான புதிய தேடலுக்கும் துளையிடலுக்கும் தடை போட்டது. நிலத்தடியைப் பார்ப்பது வேறு, எடுப்பது வேறு என்று அதிகாரிகள் விளக்கினாலும், சொல்லாமல் கொள்ளாமல் வயலில் துளை போடுகிறவரிடம் அந்த விளக்கத்தைக் கேட்க விவசாயிக்குப் பொறுமை இருக்காது. இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்தக் கிணறு, எந்தக் குளக்கரை, எந்தப் பட்டா நிலம் கோட்டில் வருகிறது என்பதைப் படத்தில் முன்பே குறித்து, ஊராருக்குக் காட்டிவிட்டு இறங்குவது மரியாதை. தொழில்நுட்பத்துக்கும் நல்லது, தகராறில் பாதியில் நின்ற கோடு எதற்கும் உதவாது.

மேல்மண்ணைப் பற்றிய மிக நல்ல தகவல் எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லை. அது திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பித் தமிழ்நாடெங்கும் சுற்றும் போர்வெல் லாரிகளின் ஆட்களிடம் இருக்கிறது. தளர்ந்த மண் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை தட்டும்வரை அவர்கள் கேசிங் குழாய் இறக்குகிறார்கள். கேசிங் நாற்பதடி என்றால் மேலே உள்ள தளர்ந்த மண் நாற்பதடி. பக்கத்துத் தெருவில் எழுபதடி என்றால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று இறங்குகிறது, ஒருவேளை பழைய ஆறு. ஸ்டாட்டிக் திருத்தத்துக்கு வேண்டிய எண் அப்படியே இதுதான். பணம் கொடுத்ததும் அந்த எண் மறந்துபோகிறது. லாரி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் உங்கள் ஊரைத் திறந்து பார்ப்பதற்குக் காசு வேண்டாம். உங்கள் வீட்டில் போர் போட்டால் தேதி, கேசிங் எத்தனை அடி, எத்தனையாவது அடியில் மண்ணின் நிறம் மாறியது, எங்கே முதல் தண்ணீர் தட்டுப்பட்டது என்ற நான்கையும் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.